வி2500-ஆ, சிஎஃப்எம்-ஆ, நியோவா? மீனம்பாக்கத்தில் தளம் போட்டவர்களுக்கு ஒரு எஞ்சின் கணக்கு

"அண்ணா, எங்கிட்ட 14 ஏ320 இருக்கு, எல்லாமே வி2500 எஞ்சின். இப்போ செகண்ட் ஹேண்ட்ல சிஎஃப்எம் போட்ட ஏ320 சல்லிசா வருது. எட்டு எடுக்கலாம்னு இருக்கேன். எடுக்கட்டுமா?"

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டது. அவர் சொல்வது சிமுலேஷன் ஆட்டத்தில் நடத்தும் விமான நிறுவனம். ஏ320 என்பது ஏர்பஸ் விமானம்; வி2500, சிஎஃப்எம் இரண்டும் அதில் பூட்டக்கூடிய இரண்டு வேறு எஞ்சின்கள். நிஜத்தில் எனக்கு ஸ்கூட்டர் லோனே இன்னும் ஏழு தவணை பாக்கி. திரையில் மட்டும் இருபது விமானத்துக்கு முதலாளி. இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் மாதம் இரண்டு முறையாவது வருகிறது. நியோவுக்கு (புது எஞ்சின் பூட்டிய ஏ320) போகலாமா, போயிங் 737-க்கு மாறலாமா, "ரெண்டும் சிஎஃப்எம் தானே, ஸ்பேர் பொருந்தாதா?" என்றெல்லாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

என் அளவுகோல் ஒன்றுதான்: பணிமனையில் கிடக்கும் ஒரு ஸ்பேர் எஞ்சின் எத்தனை விமானத்துக்கு உதவும்? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

எஞ்சின் பழுதானால் அதைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவார்கள். அது திரும்பி வரும்வரை ஸ்பேரைப் பூட்டி விமானத்தை ஓட்ட வேண்டும். ஸ்பேர் இல்லையென்றால் விமானம் தரையில் நிற்கும். பார்க்கிங் கட்டணம் ஏறும், லீஸ் பணம் போகும், வருமானம் மட்டும் வராது. பத்து விமானத்துக்கு ஒரு ஸ்பேர் என்பது நான் கைக்கணக்காக வைத்திருக்கும் விகிதம்.

அடுத்தது, ஒவ்வொரு எஞ்சின் வகைக்கும் ஆட்டம் வாராவாரம் பிடிக்கும் நிலையான கட்டணம். மெக்கானிக் பயிற்சி, கருவிகள், உரிமம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு விமானம் இருந்தாலும் அதே தொகை, முப்பது இருந்தாலும் அதே தொகை. இதில் ஆட்டத்துக்கு ஆட்டம் விதி மாறும். சில ஆட்டங்கள் விமானக் குடும்பத்தை மட்டும் பார்க்கும், எஞ்சினைக் கண்டுகொள்ளாது. சில, எஞ்சின் குடும்பத்தைத் தனியாக எண்ணும். சில, மாடல் எண்ணின் கடைசி எழுத்து மாறினாலே புது வகை என்று பில் போடும். விதிப்பக்கத்தைப் படித்தும் பிடிபடவில்லையென்றால், சந்தேகப்படும் எஞ்சினோடு ஒரே ஒரு விமானத்தை ஒரு மாதத்துக்கு லீஸ் எடுங்கள். அடுத்த வாரப் பராமரிப்புச் செலவை முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எகிறியிருந்தால் ஆட்டம் அதைத் தனி வகையாக எண்ணுகிறது. நூறு விதிப்பக்கம் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

எரிபொருள், ரூட்டின் தூரம், உந்துவிசை, சந்தையில் கிடைக்கும் எண்ணிக்கை, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கும் ஆபத்து ஆகியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## பெயரை நம்பாதீர்கள்

பம்மலில் மாமா டிராவல்ஸ் வைத்திருக்கிறார். ஆறு வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது ஷெட்டில் ஒரு டிசையரும் ஒரு இண்டிகா விஸ்டாவும் பக்கத்துப் பக்கத்தில் பானட்டைத் திறந்து நின்றன. ஒன்று மாருதி, மற்றது டாடா. இரண்டுக்குள்ளும் இருந்தது ஃபியட் வடிவமைத்த அதே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்.

"அப்போ ஒண்ணுல இருக்கிறத கழட்டி இன்னொண்ணுல மாட்டலாமா மாமா?"

"நீ மாட்டு மாப்ளே, நான் உக்காந்து பாக்கறேன்" என்று சிரித்தார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்: "உள்ள ரெண்டும் ஒண்ணுதான் சார். ஆனா மவுண்ட் வேற, ஒயரிங் வேற, ஈசியூ வேற. பிஸ்டன் பத்தி எனக்கு ஒரு தடவ தெரிஞ்சா போதும், ரெண்டு வண்டிக்கும் வேல செய்வேன். ஆனா எஞ்சின அப்படியே தூக்கி வைக்க முடியாது."

விமான எஞ்சினிலும் இதே மூன்று நிலைகள்தான். அப்படியே தூக்கி மாட்டக்கூடியவை ஒரு நிலை. உள்ளே ஒரே ரத்தம், ஆனால் மாட்ட முடியாதவை அடுத்த நிலை. பெயர் மட்டும் ஒன்றாக இருந்து மற்றபடி அந்நியமானவை கடைசி.

ஏ320-இல் வரும் சிஎஃப்எம் எஞ்சினான சிஎஃப்எம்56-5பி முதல் நிலைக்கு நல்ல உதாரணம். ஏ319, ஏ320, ஏ321 மூன்றிலும் அதே எஞ்சின்தான். 22,000 பவுண்டிலிருந்து 33,000 பவுண்டுவரை உந்துவிசை மாறுவது பெரும்பாலும் எஞ்சினின் கணினியில் செருகும் ஒரு சிறு பிளக்கினால். ஆட்டத்தில் 5பி6, 5பி4, 5பி3 என்று மூன்று பெயர் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரு ஸ்பேர் மூன்றுக்கும் போதும். வி2500-ஏ5-க்கும் இது பொருந்தும்.

அதே சிஎஃப்எம்56-இன் 7பி, 737-800-இல் வருவது, இரண்டாம் நிலை. 737 தரையோடு ஒட்டி நிற்கும் விமானம், அதனால் 7பி-யின் விசிறியை 61 அங்குலமாகச் சுருக்கினார்கள். ஏ320-இன் 5பி-க்கு 68.3 அங்குலம். நடுப்பகுதி உறவுக்காரர்கள்தான், மாற்றிப் பூட்ட மட்டும் முடியாது. வி2500-இன் ஏ5 ஏர்பஸ்ஸுக்கு, டி5 எம்டி-90 என்ற வேறு விமானத்துக்கு. அதுவும் இதே கதை.

மூன்றாம் நிலைக்கு பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ4000. இந்த ஒரே பெயரில் 94 அங்குலம், 100 அங்குலம், 112 அங்குலம் என்று மூன்று விசிறி அளவுகள் உண்டு. முதலாவது 747-400, 767, ஏ310 போன்றவற்றுக்கு. இரண்டாவது ஏ330-க்கு. மூன்றாவது 777-க்கு. "பிடபிள்யூ4000 ஃப்ளீட்" என்று பெருமையாகப் பெயர் வைத்து மூன்றையும் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று ஸ்பேர், மூன்று கட்டணம். அதே நிறுவனத்தின் கியர் வைத்த எஞ்சினான ஜிடிஎஃப்பும் அப்படித்தான்: ஏ320 நியோவுக்கு 81 அங்குலம், ஏ220-க்கு 73 அங்குலம்.

## வழி 1: இருக்கிற எஞ்சினையே தொடர்வது

பார்க்க அலுப்பான வழி. விலையும் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய எஞ்சின் பூட்டிய விமானம் சந்தைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. அதை நான் கற்றது நஷ்டப்பட்டுத்தான்.

இரண்டாவது சீசனில் என்னிடம் 11 வி2500 ஏ320-கள் இருந்தன. பதினோராவது வந்ததும் இரண்டாவது ஸ்பேர் வாங்கிவிட்டேன். அந்த ஸ்பேர் இன்னும் ஒன்பது விமானங்களைத் தாங்கும், அதாவது இருபதுவரை ஸ்பேர் செலவே இல்லை. பேருந்தில் காலியாகக் கிடக்கும் ஒன்பது சீட் போல. அதைக் கவனிக்காமல், விலை குறைவு என்று ஆறு சிஎஃப்எம் விமானங்களை இறக்கினேன். அவற்றுக்கு ஒரு புது ஸ்பேர். பழைய ஸ்பேரோ மூலையில் சும்மா கிடந்தது.

இன்னொன்று, அன்றாட அட்டவணை. ஃப்ளீட் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் டெல்லி போக வேண்டிய விமானம் பழுதானாலும் கோவைக்கு ஒதுக்கியதை அனுப்பலாம். இதற்கு எந்த ஆட்டமும் தனிக் கட்டணம் காட்டாது. ரத்தான பயணங்களின் எண்ணிக்கையில்தான் தெரியும்.

ஆபத்து எங்கே? எஞ்சினுக்கே ஏதாவது குறை கிளம்பினால் ஃப்ளீட் மொத்தமும் உட்கார்ந்துவிடும். சில ஆட்டங்கள் நிஜ வரலாற்றுக் குறைகளைச் சம்பவங்களாக நுழைக்கின்றன. உங்கள் ஆட்டம் அப்படியென்றால் இந்த வழியில் ஒரு கண் திறந்தே இருக்கட்டும். வி2500, சிஎஃப்எம்56 இரண்டும் பல பத்தாண்டு ஓடித் தேறிய எஞ்சின்கள். அவற்றில் இந்த பயம் எனக்குக் குறைவு.

## வழி 2: அதே விமானம், வேறு எஞ்சின்

தம்பி கேட்டது இதைத்தான்.

முதலில், இரண்டு எஞ்சினுக்கும் என்ன வித்தியாசம்? சிஎஃப்எம், அமெரிக்காவின் ஜிஇ-யும் பிரான்ஸின் ஸ்நெக்மாவும் (இன்றைய சஃப்ரான்) 1974-இல் தொடங்கிய கூட்டு நிறுவனம். வி2500, 1983-இல் பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ்-ராய்ஸ், ஜெர்மனியின் எம்டியு, ஜப்பானியர்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த ஐஏஇ-யின் எஞ்சின். சிஎஃப்எம்56-5பி-யில் உயர் அழுத்த டர்பைன் ஒரே அடுக்கு, வி2500-இல் இரண்டு. அடுக்கு குறைந்தால் மாற்ற வேண்டிய விலையுயர்ந்த பிளேடுகள் குறையும், பணிமனைச் செலவு இறங்கும். அடுக்கு கூடினால் எரிபொருளிலிருந்து சக்தியை இன்னும் நன்றாகப் பிழிந்தெடுக்கலாம். குட்டி ரூட்டுக்கு சிஎஃப்எம், நீண்ட ரூட்டுக்கு வி2500 என்று ஒரு பேச்சு உலவுவதன் வேர் இதுதான். சென்னை-கோவை சுமார் 430 கிலோமீட்டர், ஏறி இறங்குவதிலேயே பயணம் முடிந்துவிடும். அங்கே எரிபொருள் மிச்சத்தைவிட எத்தனை முறை எஞ்சின் சூடாகிக் குளிர்ந்தது என்பதுதான் கணக்கு. சென்னை-சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், அங்கே நிலைமை வேறு.

பொழிச்சலூர் பக்கம் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் இவற்றைப் பார்த்தே சொல்லலாம். எஞ்சின் உறை பின்பக்கம்வரை ஒரே நீளமாகக் குழல்போல் போனால் வி2500. உறை பாதியில் நின்று, உள்ளே இன்னொரு கூம்பு நீட்டிக்கொண்டிருந்தால் சிஎஃப்எம்56. மாலை ஆறு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது இன்னும் தெளிவு.

கலப்பு ஃப்ளீட் நிஜ உலகில் இல்லாதது அல்ல. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-இல் வாங்கத் தொடங்கிய ஏ320-களில் வி2500. பின்னாளில் ஆர்டர் செய்த 43 ஏர்பஸ்களில் சிஎஃப்எம்56-5பி. பைலட் உரிமம் ஒன்றேதான். காக்பிட்டில் ஒரு வித்தியாசம் உண்டு: வி2500-இல் உந்துவிசையை அழுத்த விகிதத்தை வைத்துப் பார்ப்பார்கள், சிஎஃப்எம்மில் விசிறியின் சுழற்சி வேகத்தை வைத்து. அதற்குச் சின்னப் பயிற்சி போதும், புது உரிமம் வேண்டாம். அதனால் பைலட் செலவு என்ற பூச்சாண்டியை இந்த வழியில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது என் பழைய நஷ்டத்தின் கணக்கு. என் ஆட்டத்து எண்கள் இவை, உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். சிஎஃப்எம் விமானம் ஒன்றுக்கு 12 லட்சம் டாலர் மலிவு. புது எஞ்சின் வகைக்கு வாரம் 45,000, ஆண்டுக்கு 23.4 லட்சம். பயிற்சி ஒருமுறை 6 லட்சம். ஸ்பேர் ஒன்று 50 லட்சம்.

ஆறு விமானம், மூன்று ஆண்டு. மிச்சம் 72 லட்சம். செலவு: 50-உம் 6-உம் 70.2-உம் சேர்ந்து 126.2 லட்சம். கையில் இருந்ததில் 54 லட்சம் போனது.

பத்து விமானமாக இருந்தால்? மிச்சம் 120, செலவு அதே 126.2. கிட்டத்தட்ட சமன். சரி, பதினொன்றாக வாங்கினால் லாபம் வருமே என்று தோன்றும். வராது. பதினொன்றுக்கு இரண்டாவது ஸ்பேர் வேண்டும், செலவு 176.2, மிச்சம் 132. மறுபடியும் பள்ளத்தில். பதினைந்துக்கு மேல்தான் தலை வெளியே தெரியும்: மிச்சம் 180. இந்தக் கணக்கு நேர்கோடு இல்லை, படிக்கட்டு. படியின் விளிம்பில் நிற்கும்போது ஒரு விமானம் கூடக் கூடாது, அல்லது அடுத்த படியை நிரப்பும் அளவுக்குச் சேர்ந்தே வாங்க வேண்டும்.

ஆகவே இந்த வழி பெரிய மொத்தமாக, பதினைந்து இருபது என்று ஒரே சமயத்தில் கிடைக்கும்போது சரி. திவாலான போட்டியாளரின் ஃப்ளீட் ஏலத்துக்கு வருகிறதென்றால் யோசிக்காமல் இறங்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ப்பதென்றால் வேண்டாம்.

## வழி 3: நியோவுக்குத் தாவுவது

நியோ என்றதும் எரிபொருள் மிச்சம் கண்ணைப் பறிக்கும். புது எஞ்சினும் இறக்கை நுனியும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் மிச்சம் என்பதே ஏர்பஸ் கொடுத்த முதல் வாக்குறுதி. விமானம் ஏ320-தான், பைலட் உரிமமும் பழையதே. ஆனால் எஞ்சின் முழுப் புதுசு. நியோவில் வரும் லீப்-1ஏ எஞ்சினைச் செய்வதும் அதே சிஎஃப்எம்தான் என்பதற்காக, சிஎஃப்எம்56 ஸ்பேர் அதற்கு உதவாது. இது பெயர்ப் பொறியின் தலைசிறந்த உதாரணம்.

நியோவுக்கு இரண்டு எஞ்சின். லீப்-1ஏ ஒன்று. கியர் வைத்த பிடபிள்யூ1100ஜி, அதாவது ஜிடிஎஃப், இன்னொன்று. ஜிடிஎஃப்பில் விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே கியர் இருப்பதால் இரண்டும் அவரவர் வசதியான வேகத்தில் சுழலும். விசிறி நிதானமாக, டர்பைன் வேகமாக. அதனால் குறைந்த அழுத்த டர்பைனுக்கு மூன்றே அடுக்கு போதும். லீப்-1ஏ-க்கு ஏழு வேண்டியிருக்கிறது. காகிதத்தில் ஜிடிஎஃப் அழகான எஞ்சின்.

காகிதத்துக்கு வெளியே நடந்ததை இந்தியாவில் நாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். 2018 மார்ச்சில் குறிப்பிட்ட வரிசை எண்ணுள்ள பிடபிள்யூ எஞ்சின் பூட்டிய 11 நியோக்களை விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ தரையில் நிறுத்தியது. அவற்றில் இண்டிகோவினுடையவை எட்டு, கோ ஏரினுடையவை மூன்று. 2019 ஜூனில் இண்டிகோ 280 நியோக்களுக்கு லீப்-1ஏ எஞ்சினை ஆர்டர் செய்தது, அதாவது ஜிடிஎஃப்பில் தொடங்கிய நிறுவனம் தெரிந்தே கலப்புக்குப் போனது. பெரிய ஃப்ளீட் என்றால் இரண்டு எஞ்சின் வகையைத் தாங்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் இருந்தால் நிலையான கட்டணம் கொசுறு. அதே ஜிடிஎஃப்பை மட்டும் நியோவில் நம்பியிருந்த கோ ஃபர்ஸ்ட் (கோ ஏரின் புதுப் பெயர்), எஞ்சின் கிடைக்காமல் பாதி விமானங்கள் நிற்கின்றன என்று காரணம் காட்டி 2023 மேயில் திவால் மனு போட்டது. இரண்டு மாதம் கழித்து, ஜிடிஎஃப் பாகங்கள் செய்யும் உலோகத்தூளில் குறை இருப்பதாக பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் அறிவிக்க, உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் சோதனைக்காக இறங்கின.

அதனால் ஆட்டம் நிஜச் சம்பவங்களைப் பின்பற்றுமானால் 2016-க்கும் 2026-க்கும் நடுவில் ஜிடிஎஃப்பை மட்டும் வைத்து நியோ ஃப்ளீட் கட்டாதீர்கள். பின்பற்றாத ஆட்டமென்றால் எது சீக்கிரம் டெலிவரி ஆகிறதோ அதை எடுங்கள், இரண்டுக்கும் எரிபொருளில் பெரிய பேதமில்லை.

நியோவில் இன்னொரு மறைமுகச் செலவு வரிசையில் காத்திருப்பது. ஆர்டர் கொடுத்துவிட்டு நான்கு ஆண்டு காத்திருக்கும்போது பழைய விமானங்களின் பெரிய சோதனைகள் ஒவ்வொன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். நியோ வரும் தேதியையும் பழையவற்றின் லீஸ் முடியும் தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் ஆர்டர் போட்டால் நடுவில் ஆறு மாதம் விமானமே இல்லாமல் ரூட்டை விட வேண்டிவரும். எனக்கு அந்தமான் ரூட் போனது அப்படித்தான்.

எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போகும் ஆட்டத்தில், துபாய், சிங்கப்பூர் மாதிரி மூன்றரை நான்கு மணி நேர ரூட்டுகள் அதிகம் உள்ளவர்களுக்கு நியோதான் பதில். கோவை, திருச்சி, பெங்களூரு என்று குதித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த 15 சதவீதம் லீஸ் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

## வழி 4: 737-800

737-800-க்கும் அதற்கு அடுத்து வந்த 737 மேக்ஸுக்கும் எஞ்சின் தேர்வே கிடையாது. முன்னதற்கு சிஎஃப்எம்56-7பி, பின்னதற்கு லீப்-1பி, அவ்வளவுதான். குழப்பம் இல்லாதது ஒரு நிம்மதி. முதல் விமானமே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதுவே எளிய வழி: சந்தையில் எந்த 737-800 வந்தாலும் உங்கள் ஸ்பேர் அதற்குப் பொருந்தும். எஞ்சின் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏ320 வைத்திருப்பவர் இங்கே தாவினால் எஞ்சின், பைலட், உதிரிபாகம், சிமுலேட்டர் எல்லாம் புதிது. சிஎஃப்எம் ஏ320 வைத்திருப்பவருக்கு 5பி-யும் 7பி-யும் உறவு என்பதால் மெக்கானிக் பயிற்சியில் கொஞ்சம் தள்ளுபடி தரும் ஆட்டங்கள் இருக்கலாம். பம்மல் மெக்கானிக் சொன்ன பிஸ்டன் கதை. அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

14 வி2500 ஏ320 ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு:

| | வழி 1: வி2500 தொடர்ச்சி | வழி 2: சிஎஃப்எம்56-5பி | வழி 3: நியோ | வழி 4: 737-800 |
|---|---|---|---|---|
| பழைய ஸ்பேர் உதவுமா | ஆம் | இல்லை | இல்லை | இல்லை |
| பைலட் உரிமம் | அதே | அதே | அதே | புதிது |
| புதிய நிலையான கட்டணம் | இல்லை | எஞ்சினுக்கு மட்டும் | எஞ்சினுக்கு, கொஞ்சம் உதிரிபாகத்துக்கும் | எல்லாவற்றுக்கும் |
| வாங்கும் விலை | நடுத்தரம், சில சமயம் கூடுதல் | மலிவாகக் கிடைக்கும் | அதிகம் | நடுத்தரம் |
| மறைந்திருப்பது | சரியான விமானத்துக்குக் காத்திருப்பு | ஸ்பேர் படிக்கட்டு, அட்டவணை மாற்ற முடியாமை | டெலிவரி வரிசை, எஞ்சின் குறைகள் | இரட்டை நிறுவனம் நடத்தும் தலைவலி |
| யாருக்கு | 10-க்குக் குறைவாகச் சேர்ப்பவர் | 15-க்கு மேல் மொத்தமாக எடுப்பவர் | நீண்ட ரூட், எரிபொருள் ஏற்றம் | முதல் விமானமே இனிமேல் வாங்குபவர் |

## கத்திரி வெயிலும் ஏ321-உம்

ஆட்டம் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்குமானால் இதையும் பாருங்கள். எந்த எஞ்சினும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைவரைதான் முழு உந்துவிசை தரும், அதற்கு மேல் குறையும். காற்று சூடானால் அடர்த்தியும் குறைந்து இறக்கைக்கும் பிடிமானம் இளகும். சென்னையில் கத்திரி நேரத்தில் 40 டிகிரி சாதாரணம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல் என்பதால் இங்கே பிரச்சினை இல்லை. மறுமுனை ஓடுபாதை குட்டையாக இருந்தால் 30,000 பவுண்டு பிளக் போட்ட ஏ321 பத்துப் பதினைந்து பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிவரும். 33,000 பவுண்டு உள்ளதா என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாதிரி ஒன்றே, எஞ்சின் ஒன்றே, பிளக் மட்டும் வேறு.

## பெரிய விமானங்கள், சுருக்கமாக

1980-கள், 90-களில் தொடங்கும் ஆட்டங்களில்தான் பொருத்தத்தின் உண்மையான விருந்து. ஜிஇ-யின் சிஎஃப்6-80சி2 என்ற ஒரே எஞ்சின் 747-400, 767, ஏ300-600, ஏ310, எம்டி-11 ஐந்திலும் வரும். போயிங்கும் ஏர்பஸ்ஸும் ஒரே ஸ்பேர் குடும்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் அபூர்வம், நம்ம ஃபியட் டீசல் மாதிரி. 94 அங்குல பிடபிள்யூ4000-உம் ஏறக்குறைய அதே பரப்பை மூடும். ஏ310-ஐ வளைகுடாவுக்கும் 747-ஐ லண்டனுக்கும் விட நினைப்பவர் இரண்டையும் சிஎஃப்6-இல் வாங்கினால், எஞ்சின் குடும்பத்தை எண்ணும் ஆட்டங்களில் பெரிய மிச்சம். இதிலும் மவுண்ட், உபகரண வித்தியாசங்கள் நிஜத்தில் உண்டு. ஆட்டம் எந்த அளவுக்குப் பார்க்கிறது என்பதை அந்த ஒரு மாத லீஸ் சோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

புதுக்காலத்தில் இந்தத் தலைவலி குறைவு. ஏ350-க்கு ட்ரெண்ட் எக்ஸ்டபிள்யூபி மட்டும், ஏ330 நியோவுக்கு ட்ரெண்ட் 7000 மட்டும், 777-300இஆர்-க்கு ஜிஇ90 மட்டும். 787-க்குத்தான் ஜிஇஎன்எக்ஸ், ட்ரெண்ட் 1000 என்று இரண்டு.

## தம்பிக்கு

14 வைத்திருக்கிறீர்கள், எட்டு வேண்டும். உங்களிடம் இரண்டு ஸ்பேர் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் ஆறு வி2500 விமானத்துக்கு அதில் இடம் இருக்கிறது. ஆறோடு நிறுத்த முடிந்தால் கேள்வியே இல்லை, வி2500.

எட்டுதான் வேண்டுமென்றால் என் எண்களை வைத்துப் போட்டதில் ஒரு வேடிக்கை வந்தது. எட்டு வி2500-க்கு மூன்றாவது ஸ்பேர் வேண்டும், 50 லட்சம். எட்டு சிஎஃப்எம்முக்கு மூன்று ஆண்டுச் செலவு 126.2, மலிவில் மிச்சம் 96, ஆக நிகரச் செலவு 30 லட்சம்தான். காகிதத்தில் சிஎஃப்எம் ஜெயிக்கிறது! ஆனால் 22 விமானத்தை இரண்டு ஸ்பேரோடு ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எப்போதாவது ஒரே வாரத்தில் மூன்று எஞ்சின் இறங்கினால் ஒரு விமானம் கொஞ்ச நாள் நிற்கும். எட்டு சிஎஃப்எம்மை ஸ்பேரே இல்லாமல் ஓட்டினால் முதல் எஞ்சின் இறங்கிய அன்றே நிற்கும். இரண்டிலிருந்து மூன்றாவது ஸ்பேருக்குப் போவதைத் தள்ளிப்போடலாம், பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போவதைத் தள்ளிப்போட முடியாது. அந்த 50 லட்சத்தை இப்போது செலவழிக்காமல் எட்டு வி2500 வாங்குங்கள். சந்தையில் அவ்வளவு இல்லையென்றால் ஆறு இப்போது, இரண்டு பொங்கலுக்குப் பிறகு.

தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் ஏடிஆர் என்ற சின்ன விமானம் விடலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஏடிஆர் 72-இன் பிடபிள்யூ127 எதனோடும் பொருந்தாது, தனி வகை, தனிக் கட்டணம். ஆனால் அந்த ஊர்களுக்கு ஏ320-ஐ நிரப்ப ஆள் கிடைக்காது. குறைந்தது ஐந்து வாங்கினால் விடுங்கள், ஒன்றிரண்டுக்கு வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கிறது. இதை எழுதும்போது அதில் ஒன்று ஸ்பேர் இல்லாமல் திருச்சியில் பதினோராவது நாளாக நிற்கிறது.